அட் த ரேட்

கார்த்திகை.
கூழ் ஆலைப் புகைபோக்கியின் வாயில்
காகம் உட்கார்ந்திருக்கிறது, சுடாமல்.
கொட்டகையில் மிஞ்சிய அட்டைப்பெட்டிகள்
நமுத்துப்போய்த் தோள் சரிகின்றன.
வைகாசியில் நாளுக்கு இரண்டு நடை வந்த கூரியர் வண்டி
இப்போது சந்தூருக்குள் திரும்புவதே இல்லை.

போனில் எவராவது கேட்பார்கள்.
செந்தூரா இருக்கா?
இல்லைங்க.
பீத்தர்?
இலைதான் இருக்குங்க.

இந்த மாதங்களில்தான்
நான் பெயர் பறிக்கிறேன்.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி தாண்டி
முனிரத்தினம் டீக்கடையில், பன் டப்பாவுக்குப் பக்கத்தில்
ஒரு நோட்டு, நூல் கட்டிய பேனா.
"பழம் வந்தால் சொல்கிறோம்.
மெயில் முகவரி எழுதிப் போங்கள்."
அவ்வளவுதான் அட்டையில்.
தள்ளுபடி, இலவசம் எதுவும் போடவில்லை.
போட என்னிடம் எதுவும் இல்லை.

முதல் வாரம் நாலு பேர்.
ஒருவர் முகவரிக்குப் பதில் மாம்பழம் வரைந்திருந்தார்,
காம்போடு, நன்றாகவே.
இன்னொருவர் லாரி நம்பர் எழுதியிருந்தார்.

கை ஈரமென்று ஒரு பெங்களூர்க்காரர்
வாயால் சொன்னாராம்:
வி, ஏ, எஸ், யூ... அட் த ரேட்...
முனிரத்தினம் குறுக்கே விழுந்திருக்கிறார்:
"ரேட்டெல்லாம் இப்ப சொல்ல முடியாதுங்க,
சீசன்லதான் தெரியும்."

ஓசூரிலிருந்து ஜெகதீஷ் வந்தான்.
பென் டிரைவில் பத்தாயிரம் முகவரி,
ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.
அவங்களுக்கு என்னைத் தெரியுமா என்றேன்.
தெரியாது, ஆனா மெயில் போகும்க்கா என்றான்.
கல் வைத்த பழம் பார்த்திருக்கிறேன்.
ஒரே ராத்திரியில் ஊரே மெச்சும் மஞ்சள்.
அறுத்தால் கொட்டையை ஒட்டி
வெளுத்த, புளித்த, எதற்கும் தயாராகாத சதை.
அவன் குடித்த டீக்குக் காசு கொடுத்து அனுப்பினேன்.

மாசம் ஒரு கடிதம்.
விற்க ஒண்ணுமில்லாம என்னத்த எழுதுவ, என்றான் மாதேஷ்.
எழுதினேன்:
மூன்றாம் வரிசையில் தண்டுத்துளைப்பான்.
கம்பி விட்டு இழுத்ததில்
சுண்டுவிரல் தடிமனில் ஒரு புழு.
துளையில் மருந்து நனைத்த பஞ்சு, மேலே களிமண்.
இம்மாதம் இவ்வளவே.

திருப்பூரிலிருந்து ஒரு பதில்: பெயரை எடுத்துவிடவும்.
எடுத்துவிட்டேன்.
ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒன்று:
மரம் இப்போது எப்படி இருக்கிறது?
இரண்டு தடவை படித்தேன்.
எட்டு வருஷ வியாபாரத்தில்
பழத்தை விசாரித்திருக்கிறார்கள், மரத்தை இல்லை.

வாசு என்பவருக்குப் போனது மட்டும் திரும்பி வந்தது.
நோட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
பெயருக்கும் வருஷத்துக்கும் நடுவே இருப்பது
புள்ளியா, டீ சிந்திய துளியா?
துளி என்று நினைத்து விட்டிருக்கிறேன்.
புள்ளி வைத்து அனுப்பினேன்.
போயிற்று.
மெய்யெழுத்துக்கு மட்டுமா புள்ளி.

மார்கழிக் கடைசியில் இருநூற்று அறுபத்தொன்று.
மாதேஷ் எண்ணிப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை,
அட்டைப்பெட்டிகளை வெயிலில் எடுத்து வைத்தான்.

தையில் வடக்கு வரிசை பூத்தது.
தெற்கில் வெறும் துளிர்.
இரண்டையும் எழுதினேன்.
பூவெல்லாம் பிஞ்சாகாது,
பிஞ்செல்லாம் காயாகாது,
பணம் இப்போது அனுப்ப வேண்டாம்.
பதினோரு பேர் விலகினார்கள்.
அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு நோட்டு எடுக்கப் போனேன்.
வாசலில் தார்ப்பாய் கட்டிய லாரி.
கண் சிவந்த ஆள் எழுந்து வந்தார்:
"நீங்கதானா? எழுதிக் குடுத்து மூணு மாசமாச்சு.
எல்லாருக்கும் வருதாம், எனக்கு ஏன் வரல?"
நீங்க லாரி நம்பர்ல எழுதியிருக்கீங்க.
"அதான் என் முகவரி.
எங்க போனாலும் கூடவே வருதே."

பன் டப்பாவைத் தூக்கச் சொல்லி
முனிரத்தினத்திடம் ஒரு தாள் வாங்கினேன்.
நின்றபடியே ஆரம்பித்தேன்,
புழுவிலிருந்து.