பெட்டி வராத மூன்று நாள்

கட்டுநாயக்கவில் பட்டை சுற்றிக்கொண்டே இருந்தது.
என் பச்சைப் பெட்டியைத் தவிர
எல்லாருடையதும் வந்து இறங்கிப் போய்விட்டது.
ஆளில்லாத ஓர் அட்டைப்பெட்டி மட்டும்
ஏழெட்டுத் தடவை என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

படிவத்தில் கேட்டார்கள், உள்ளே என்ன?
நான்கு சட்டை, மூன்று பேன்ட்,
தொட்டிக் கசிவை அடைக்கும் சிமென்ட் பொடி, மாதிரிப் பாக்கெட்,
இட்லிப் பொடி அரைக் கிலோ.
மதிப்பு என்ற கட்டத்தில்
கோடு போட்டுக் கொடுத்தேன்.
"ஓம்" என்றாள் கவுண்டர்ப் பெண்.
கும்பிடப் போன கை பாதியில் நின்றது.
ஆமாம் என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

கொம்பனித்தெருவில் அறை.
வீட்டுக்காரர் துவான் சல்தீன், மலாய்க்காரர்.
மனைவியோடு ஒரு மொழி, மீன்காரனோடு வேறொன்று,
என்னோடு தமிழ்.
"சாரம் ஒன்டு தாரன், கட்டிக்கோங்க."
பதினெட்டு வருடமாகக் கட்டிட வேலையில் இருக்கிறேன்.
திருச்சியில் சாரம் என்றால் சவுக்குக் கம்பும் கயிறும்,
சுவரோடு கட்டி ஏறி நின்று பூசுவது.
அவர் எடுத்து வந்தது
துவைத்துத் துவைத்து மெலிந்த
ஊதாக் கட்டம் போட்ட லுங்கி.
கட்டினேன்.
அதுவும் ஆளைத் தாங்கியது.

சாரத்தோடு தெருவில் இறங்கினால்
தேநீர்க் கடையில் சலாம் சொன்னார்கள்,
திருப்பிச் சொன்னேன்.
ஆட்டோக்கார நிலந்த, "மல்லி, கோஹேத?" என்றான்.
மல்லியா? கையில் கீரைக்கட்டு எதுவும் இல்லையே.
தம்பி என்று அர்த்தமாம்.
நாற்பத்தொரு வயதில், மீசை நரைத்த பிறகு,
யாரோ ஒருவன் தம்பி என்கிறான்,
மீட்டர் போட மறுத்துக்கொண்டே.

வெள்ளவத்தையில் உள்ளாடை வாங்கினேன்.
கடைக்காரம்மா தவமலர்
பெட்டிக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு
"இந்தியாவோ? பயப்பிடாதேங்கோ, வந்திடும்" என்றார்.
பில் புத்தகத்தில் கார்பன் தாளைச் செருகியபடி,
விலை சொல்லும் அதே குரலில் சொன்னார்:
"எங்கட வீட்டில கதவடியில ஒரு பேக் எப்பவும் நிண்டது.
அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப்பத்திரம்,
பிள்ளையளுக்கு ஒரு மாத்துடுப்பு.
போன வருசம்தான் அலுமாரிக்கு மேல ஏத்தினன்.
வெறுமையாக்க இன்னும் மனம் வரேல்ல."
பாக்கிச் சில்லறையை எண்ணித் தந்தார்.
நான் எண்ணவில்லை.
கடைக்குப் பின்னால் ரயில் போனது,
ரயிலுக்குப் பின்னால் கடல்.
அதன்பிறகு விமானக் கம்பெனிக்குப் போன் செய்து
கத்துவதை நிறுத்திவிட்டேன்.

வேலை நடந்த கட்டிடத்தில்
நாலாம் மாடி மிஸிஸ் யான்ஸ்
கணவருடைய சட்டையைக் கொடுத்தார்.
அவர் போய் ஒன்பது வருடம். கழுத்து பதினாறு அங்குலம்.
எனக்குப் பதினைந்து.
ஒரு துண்டு லவ் கேக்கும் தந்தார், தாளில் மடித்து.
மொட்டை மாடியில், தொட்டியின் நிழலில்
இறந்தவரின் சட்டைக் கையில் துகள் சிந்தாமல்
குனிந்து குனிந்து தின்றேன்.

நாலாம் நாள் காலை பெட்டி வந்தது.
சக்கரம் ஒன்று இல்லை.
"ஏதும் குறையுதோ?" என்று கேட்டான் கொண்டுவந்த பையன்.
இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.
திறந்தால் இட்லிப் பொடி உடைந்து
சட்டைக்கெல்லாம் மிளகாய் நிறம்.
எறும்பு வேறு.
எந்த விமான நிலையத்தில் ஏறியதோ.

எல்லாவற்றையும் அலசி
சல்தீன் வீட்டுக் கொடியில் போட்டேன்,
அவருடைய சாரத்தையும் சேர்த்து.
கண் அசந்த நேரத்தில்
எதிர்மாடியிலிருந்து ஒரு பெண் கூவினாள்,
"மல்லீ! வஹினவா! வஹினவா!"
பின் சொல் எனக்குத் தெரியாது.
முன் சொல்லுக்கு எழுந்து ஓடினேன்.
பேர வாவிப் பக்கம் வானம் கறுத்து
முதல் துளி கழுத்தில் விழுந்தது.
ஆறேழு துணி, இரண்டு கை.
சாரத்தைத்தான் முதலில் உருவினேன்.