பொடக்காலிக் கதவின் எண்

கூடாரம் பதினாலு. குளியலறை நாலு.
சமையல் கொட்டகை ஒண்ணு, துணி துவைக்கிற மெஷின் ஒண்ணு,
போனுக்குச் சார்ஜ் போட
எட்டு ஓட்டை வெச்ச பலகை ஒண்ணு.
ஆழியாத்து வாய்க்கால் ஓரம்
தென்னந்தோப்புக்குள்ளே என் சர்க்கார் இவ்வளவுதானுங்க.

காசு கட்டினவங்க மட்டும் உள்ளே போகோணும்னு
முதலாளி கிருபாகரன் கோயமுத்தூர்ல இருந்து
பொத்தான் பூட்டு வாங்கிவந்து கதவுக்குக் கதவு மாட்டினார்.
நாலு எண். தினம் காலையில பத்து மணிக்கு மாத்தணும்.
"ஏதாச்சும் ஒண்ணு போடுங்க துளசிமணி,
வெளியாளுக்குப் பிடிபடக் கூடாது, அவ்வளவுதான்."

முதல் நாள் ஒண்ணு ரெண்டு மூணு நாலு போட்டேன்.
வாய்க்காலுக்குக் குதிக்க வந்த பசங்க
மத்தியானத்துக்குள்ளே கண்டுபிடிச்சு
சோப்பு, ஷாம்பு, ஒரு வாளி,
ஏனோ கால்மிதியையும்
தூக்கிட்டுப் போயிட்டாங்க.

அன்னியிலிருந்து
எனக்கு மட்டும் தெரிஞ்ச எண்ணாத்தான் எடுக்கிறது.

0417.
திருப்பூர் பனியன் கம்பெனியில் என் டோக்கன்,
பதினோரு வருஷம் கழுத்துல தொங்கினது.
பெங்களூர்ல இருந்து வந்த பிள்ளைங்க
பல்லு விளக்கிக்கிட்டே கூடாரத்துக்குக் கூடாரம் கத்தினாங்க:
சைபர் நாலு ஒண்ணு ஏழு!
தட்டில் தோசை மாவு ஊத்திட்டிருந்தேன்.
என் கை தன்னால மேலே போச்சு,
ஆஜர் சொல்ல.

2260, குழுக்கடனுக்குக் கட்டின தவணை.
1188, மக பத்தாவதுல வாங்காமப் போன மார்க்கையும்
வாங்கின மார்க்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்
கணக்குப் பண்ணி நானே உண்டாக்கினது, அதை விடுங்க.

தேங்காய் பொறுக்க வந்த ரங்கநாயகி
மூணாம் நம்பர் கதவுகிட்ட நின்னு
"சித்தெ உள்ள போயிட்டு வரட்டுமாக்கா" என்றாள்.
ஒரு கையால சேலையைப் பின்னால பிடிச்சிருந்தாள்.
விதிப்பலகையில் அவளுக்கு ஒரு வரியும் இல்லை.
எண்ணைச் சொன்னேன்.
மறுநாள் அவகூட வேலை செய்யிற நாலு பேருக்கும்
எண் தெரிஞ்சிருந்தது.
மாத்தினேன். மாத்தினதையும் சொன்னேன்.

பூட்டு எண்ணுமாம். எனக்குத் தெரியாது.
மாசக் கடைசியில முதலாளி போனைப் பார்த்துட்டே கேட்டார்:
"இருபத்தெட்டுப் பேருக்கு
ஒரே நாள்ல நூத்தி முப்பத்தொரு தடவை திறந்திருக்கே?"
"வந்த ஒறம்பரைக்கு வயிறு சரியில்லீங்க."
அவர் கிணத்துத் தண்ணியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்.
சுத்தமா இருக்குன்னு சீட்டு வந்துச்சு.
சட்டம் போட்டு ஆபீசுல மாட்டியிருக்கு.

ஒரு எண்ணை மட்டும் ரொம்ப நாளா எடுக்கலை.
6338.
காங்கேயத்துக்குக் கொப்பரை ஏத்திட்டுப் போன லாரி.
முன்னால உக்காந்திருந்த என் வீட்டுக்காரர் மயில்சாமி
திரும்பிப் பார்க்கலை; பின்னால எழுதியிருந்த எண்ணை
நான்தான் பார்த்தேன்.
விபத்தில்லீங்க. போனார், அவ்வளவுதான்.

தை மாசம் கூட்டம் நெரிஞ்ச ஒரு சனிக்கிழமை
வேற எண் நெனப்பு வராம அதைப் போட்டுட்டேன்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
ஒன்பதாம் கூடாரத்தம்மா குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு
டார்ச் இல்லாம ஓடிவந்தாங்க:
"நம்பர் மறந்துபோச்சு, சீக்கிரம்."
வாய்விட்டுச் சொல்லணும்.
அக்கம்பக்கம் யாருகிட்டயும் சொல்லாத எண்.
ஆறு.
மூணு.
மூணு.
எட்டுக்கு முன்னாடி குழந்தை அழ ஆரம்பிச்சுது.
பச்சை விளக்கு எரிஞ்சு
டொக்குனு கதவு திறந்துச்சு.
தண்ணி ஊத்துற சத்தம் கேக்கற வரைக்கும் வெளியே நின்னேன்.
கொப்பரை வாசம் ஏதும் வரலை. பினாயில்தான்.

வர மாசத்துல இருந்து
எண்ணை மெஷினே பொறுக்கிக்குமாம்,
ஒறம்பரை போனுக்கே நேரா போயிருமாம்.
ரங்கநாயகிகிட்ட பட்டன் போன்தான் இருக்கு.
அதுக்கு ஏதாச்சும் பண்ணணும்.

இன்னைக்கு என்ன எண்ணுன்னு கேக்கறீங்களா?
முதல்ல ரசீதைக் காட்டுங்க.