அரை மதிப்பெண்

திங்கட்கிழமை. எட்டு மணிக்கே
வில்மாரின் கறிக்கடை நிரம்பிவிட்டது.
யாருக்கும் கறி வேண்டாம்.

குளிர்பெட்டிக் கதவில்
பசுமாட்டு வடிவக் காந்தத்தின் கீழ் தொங்குகிறது
விளையாட்டுப் பக்கம்.
“சிலைக்கு எதற்கு மாதச் சம்பளம்?”
தலைப்புக்கடியில் குனிந்து முழங்காலைப் பிடித்தபடி
எங்கள் ப்ரியோசோ.
பெயருக்கு எதிரே, பத்துக்கு மூன்று.

ஒன்பது ஆட்டம், ஒரு கோல் இல்லை.
இதைப் பேப்பர்காரன் சொல்லித்தான் தெரியவேண்டுமா?
ஒன்பதையும் நின்று பார்த்தோம்.
ஆற்றுக்காற்று காதைப் பிய்த்தெடுக்கும்
மோந்தேவிதேயோ ஜூலையில்,
கூரையில்லாத பக்கத்தில்.

“மூன்று என்றால் எதில் மூன்று?
ஓடியதற்கா, விழுந்ததற்கா?”
நிபியா கணக்கு டீச்சர்.
“இருபத்தாறு வருஷம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன்.
வெறும் தாள் கொடுத்தவனுக்குக்கூட
பெயரைச் சரியாக எழுதியதற்கு
ஒன்று சேர்த்துப் போடுவேன்.”

மாத்தே குவளை கைமாறுகிறது.
டாக்ஸி ரூபென் உறிஞ்சிவிட்டுச் சொல்கிறான்:
“போன வருஷம் பதினெட்டு கோல்.
இதே பேப்பரில் அப்போது புனிதர்.
இப்போது சிலை.
ஆள் அதே ஆள்தான்.
நடுவில் அணைந்தது மெழுகுவத்தி.”

“எழுதினது பொய்யா?” என்கிறான் மைகோல்,
கடையிலேயே சின்னவன்.
“கோலி கீழே கிடக்கிறான். கோல் திறந்து கிடக்கிறது.
பந்தை வேலி தாண்டி அடித்தானே, அது பொய்யா?”

எலும்பறுக்கும் வாள் நின்றுவிட்டது.

“பொய்யில்லை,” வில்மார் கையைத் துடைக்கிறான்.
“ஆனால் சொல்ல அவர்கள் யார்?
நம்ம வீட்டுப் பிள்ளை. நாம் திட்டலாம்.
தெருவில் போகிறவன் கை ஓங்கலாமா?”

“சரி,” என்கிறான் ரூபென் மெதுவாக,
“அப்போ நேற்று எழுபதாவது நிமிஷம்
விசில் அடித்தது யார்?
தெருவில் போகிறவனா?”

வில்மார் கத்தியைப் பார்த்தான்.
நிபியா தராசைப் பார்த்தாள்.
என் இரண்டு விரல்கள் தாமாகவே
கோட்டுப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டன.

அந்த நேரம் பார்த்துக் கதவு மணி.
கண்ணாடியில் ஆவி படிந்து, கையில் துணிப்பையோடு
ஒலிவேரி.
கட்டுரைக்குக் கீழே பெயர் போட்டிருந்ததே, அதே ஒலிவேரி.
துடைத்து மாட்டிய பிறகுதான்
யார் யார் நிற்கிறோம் என்று தெரிந்தது அவருக்கு.
திரும்பிப் போயிருக்கலாம்.
“விலா எலும்பு, ஒன்றரை கிலோ,” என்றார்.

வாள் மறுபடி ஓடியது, தேவைக்கு மேல் சத்தமாக.

“மூன்று எதற்கு?” நிபியா விடவில்லை.

“நான் போட்டது மூன்றரை.
அரையை எடிட்டர் எடுத்துவிட்டார்.
கட்டத்தில் இடமில்லையாம்.”

யாரும் சிரிக்கவில்லை.

“அந்த அரை எதற்கு?”

“எழுபதாவது நிமிஷம்.
மைதானம் முழுக்கப் பின்னால் ஓடி வந்து
நம் பெனால்டி கட்டத்துக்குள், எதிராளி காலிலிருந்து
பந்தைச் சுரண்டி எடுத்தான்.
நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.
சத்தமாக இருந்தது.”

‘நம்’ என்றார். அதை நான் கவனித்தேன்.
வேறு யார் கவனித்தார்கள், தெரியாது.

வில்மார் பொட்டலத்தை நீட்டினான்.
ஒலிவேரி கையில் எடை பார்த்தார்.
“ஒரு கிலோதான் இருக்கும் போலிருக்கிறதே?”

“அரையை எடிட்டர் எடுத்துவிட்டார்.”

ரூபென் வாயிலிருந்த மாத்தே தரையெங்கும் தெறித்தது.
ஒலிவேரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது,
ஒரு கிலோவுக்கு மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டுப்
போனார்.

கதவு சாத்தியதும் மைகோல்
விலை எழுதும் பேனாவை எடுத்தான்.
மூன்றுக்குப் பக்கத்தில், ப்ரியோசோவின் முழங்கால்மீது,
கோணலாக ஓர் அரை.
வில்மார் அதை அழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தாவது ஆட்டம்.
மழை வரும் என்கிறார்கள்.
கையுறை போட்டுக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.
என் விரல்களுக்கு
நானே ஜாமீன் கொடுக்க மாட்டேன்.