காப்பறையில் பதினொரு போத்தல்

குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டிய அறை.
இரும்புக் கதவு, கனத்த சுவர்,
ஜன்னல் இல்லை, இரண்டு காற்றுத் துளை.
யீஷூனில் எங்கள் புளோக்கில் இதுவரை யாரும் ஒளிந்ததில்லை.
சூட்கேஸ், தீபாவளி விளக்குச் சரம், சுற்றாத மின்விசிறி,
போன வருடம்வரை இவைதான் அகதிகள்.
இப்போது என் போத்தல்கள்.

பகலில் எனக்கு மருத்துவமனை ரத்த வங்கியில் வேலை.
வகை, தேதி, காலாவதி
ஒட்டாமல் எதையும் கீழே வைக்கக் கை கூசும்.
அதே கையெழுத்துதான் இங்கேயும்:
நார்த்தந்தோல், வோட்கா, மார்ச் 3. தினம் ஒருமுறை குலுக்கு.
வெட்டிவேர். பதினான்காம் நாளே வடித்துவிடு,
விட்டால் மண்வாசனை போய் மண்ணே மிஞ்சும்.
துளசி. தோல்வி.
(கொட்ட மனம் வரவில்லை.)

சாராயத்துக்குத் தாட்சண்யம் கிடையாது.
முதலில் இலையின் பச்சையைப் பிடுங்கும்,
அப்புறம் வாசம்,
அப்புறம் நாம் கேட்கவே கேட்காத கசப்பை.
எந்த நாளில் நிறுத்துவது என்பதுதான் கைப்பக்குவம்,
மற்றதெல்லாம் தேக்காவில் கிடைக்கும்.

"பூஜை அறை இல்லாத வீட்டில் கள்ளுக்கடை"
என்பார் கபிலன்,
சொல்லிவிட்டு மோந்தும் பார்ப்பார்.

அன்னாசியில்தான் அவசரப்பட்டேன்.
ஜொகூர் பழம் நான்கு, சர்க்கரை, ஈஸ்ட், ஒன்பது நாள்.
குமிழ் அடங்கியது போலிருந்தது.
இரவுப் பணிக்குக் கிளம்பும் அவசரம்,
திரவமானியைக் கழுவ வேண்டுமே என்ற சோம்பல்.
பதினொரு போத்தலில் ஊற்றி இறுக்க மூடினேன்.
அடியில் மிஞ்சியதை ஜாடியில் விட்டுத்
துணி கட்டி, மறந்தும் போனேன்.

ஐந்தாம் நாள், விடிகாலை மூன்று பத்து.
முதலில் ஒன்று.
கபிலன் எழுந்து உட்கார்ந்து
"லிஃப்டா?" என்றார்.
பிறகு இரண்டு மூன்று சேர்ந்தாற்போல,
பிறகு கொஞ்சம் மௌனம்,
பிறகு, நான் கதவில் கை வைத்தபோது, இன்னொன்று.

வெளியே விழுவதைத் தடுக்கக் கட்டிய சுவர்
உள்ளே வெடித்ததையும் வெளியே விடவில்லை.
கீழ்வீட்டுத் திரு. கோ புரண்டுகூடப் படுக்கவில்லை.
சூட்கேஸ் முழுக்கக் கண்ணாடித் தூள்,
விளக்குச் சரத்தில் இனிப்பு சொட்டியது.
மூலையில் நார்த்தந்தோல் மட்டும்
துளி சிந்தாமல்
நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று நின்றது.
மிஞ்சிய இரண்டை வாளிக்குள் வைத்துத்
துண்டு சுற்றி மூடி திறந்தோம்,
அழும் பிள்ளையைச் சமாதானம் செய்வது போல.

எறும்புகளுக்கு அடுத்த நாள் செய்தி போய்விட்டது.
எதிர்வீட்டு ரோஸ்னாவுக்கும்.
எட்டு வருடமாகப் பெருநாளுக்குக் குவே தருபவள்,
என் கையிலிருந்து முறுக்குக்கு மேல் எதுவும் வாங்காதவள்.
வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கி,
"இது காடி வாசமாச்சே?"

துணி கட்டிய ஜாடி.
மேலே ஆடை படிந்து
நாக்கைச் சுண்டும் புளிப்பாகியிருந்தது.

அவள் கேட்டாள்:
"நீ ஏதாவது கலந்தாயா?
தானாக மாறியதா?"
"தானாக. மறந்துவிட்டேன், அவ்வளவுதான்."
"போதை வாடை?"
"மோந்து பார்."
மோக்கவில்லை. உஸ்தாத்திடம் கேட்கிறேன் என்று
கதவைச் சாத்திக்கொண்டாள்.
கேட்டிருக்கக் கூடாதோ, நான்தான் நீட்டினேனோ என்று
மூன்று நாள் மின்தூக்கியில் தரையைப் பார்த்தேன்.

நான்காம் நாள் மாலை
காலி ஜாம் புட்டியோடு வந்தாள்.
"விளிம்புவரைக்கும் வேண்டாம்" என்றாள்,
நான் விளிம்புவரை ஊற்றினேன்.

ஞாயிறன்று அதே புட்டியில் அச்சார் வந்தது:
வெள்ளரி, காரட், வறுத்த எள்,
நடுவில் ஒரு துண்டு அன்னாசி.
தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு கபிலன்
கண்ணை மூடினார்.

பதினொன்றுக்கு நான் திட்டமிட்டேன்.
குடிக்க எனக்குக் கிடைத்தது இரண்டு,
அதுவும் தித்திப்பு.

இன்று மறுபடி பழம் நறுக்கினேன்.
இரவு மூன்று மணிக்கு விழிப்புத் தட்டுகிறது.
காப்பறைக் கதவைச் சற்றே திறந்து
தரையில் உட்கார்ந்துகொள்கிறேன்.
இருட்டில் ஒரு குமிழ்.
எண்ணுகிறேன்.
நாற்பது நொடிக்கு ஒன்று.
இன்னும் மூடக்கூடாது.