உத்தரவாதத்தில் வராது

ரிச்சி தெரு, இரண்டாம் மாடி.
படிக்கட்டில் பாதியை வாட்டர் கேன்கள் பிடித்துக்கொண்டன.
என் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
உடைத்தவனுக்கு எப்படியோ வழி தெரிந்துவிடுகிறது.

இன்றைக்குப் போணி ஒரு கேம் பெட்டி.
வேளச்சேரி ஹேமச்சந்திரன், வயது முப்பத்தொன்று.
"ஃபேன் சத்தம் போடுது ப்ரோ" என்றார்.
நாலு திருகைக் கழற்றினேன்.
உள்ளே ஒரு கரப்பான் கூட்டுக்குடும்பம்,
கதகதப்பாக,
பத்து மாத அட்வான்ஸ் இல்லாமல்,
வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்று யாரும் கேட்காமல்.
ஹேமச்சந்திரன் அலறி ஸ்டூல்மேல் ஏறினார்.
அதே பெட்டியில் அவர்
பதினேழு டிராகன்களைக் கொன்றிருக்கிறார்.
இரண்டு முறை உலகத்தைக் காப்பாற்றியிருக்கிறார்,
அதில் ஒரு முறை ஈஸி மோடில்.

போன மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீராம்.
முதலில் தலைமேல் தூக்கிப்போனது இந்தப் பெட்டியைத்தானாம்.
"அப்புறம்?"
"அப்புறம் டிவி."
"வீட்டுல அவங்க?"
"அவங்களுக்கு நீச்சல் தெரியும் ப்ரோ."

பதினோரு மணிக்கு ஒரு கடிகாரம் வந்தது.
கடிகாரம் என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.
அது தூக்கத்தை அளக்கும், நடையை அளக்கும்,
மூச்சு விட மறந்தால் நினைவுபடுத்தும்.
பெனடிக்டா மேடம் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி
பார்க் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே வந்தவர்,
மூக்குக்கு நேரே யாருடைய அக்குளோ.
அந்த நேரம் பார்த்து மணிக்கட்டு அதிர்ந்து சொன்னதாம்:
நெடுநேரம் உட்கார்ந்துவிட்டீர்கள், கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்.
"இதுல ரிப்பேர் ஒண்ணும் இல்ல மேடம்,
செஞ்சவன் நம்ம ரயில்ல ஏறினதில்ல."
மாற்றித் தருவார்களா என்று கேட்டார்.
ரயிலையா என்று கேட்க வாய் வந்தது,
கேட்கவில்லை.

எதிர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டுகிறார்கள்.
டீசர் வெளியாகும் தேதியை
வெள்ளிக்கிழமை அறிவிப்பார்கள் என்பதற்கான அறிவிப்பு.
அதற்கே டீக்கடை இஸ்மத் விசில் அடித்தார்.
நாயகன் கூலிங் கிளாஸோடு திரும்புகிறார்,
திரும்பி முடிப்பதற்குள் இடைவேளை வந்துவிடும்.
மீதித் திரும்பலைப் பாகம் இரண்டில் பார்க்கலாம்.
கதை ஏதாவது இருக்கா என்றேன்.
"பிரபஞ்சமே இருக்குண்ணே" என்றார்,
டீயில் சர்க்கரை போட மறந்து.

அண்ணா நகரிலிருந்து ஒரு போன்.
அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அறிவு உண்டு.
தயிர் தீர்ந்தால் ஐயாவின் ஆபீசுக்குச் செய்தி அனுப்பும்.
நேற்று நாலு மணி நேரம் கரண்ட் இல்லை,
அதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.
படித்தவர்கள் வீட்டில் அப்படித்தான்.

ராத்திரி எட்டரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
ஹேமச்சந்திரன் பெட்டியைத் துடைத்து மாட்டி
ஓடுகிறதா என்று சும்மா ஒரு தரம் பார்த்தேன்.
தொழில் தர்மம்.
பனிமலை. ஒரு கோட்டை. ஒரு டிராகன்.
இந்த ஊரில் பனியைப் பார்க்க வேறு வழியும் இல்லை.
பத்தே முக்காலுக்கு அது என்னைத் தின்றது,
ஏழாவது முறையாக.
கடைசி பெரம்பூர் பஸ் போயிருக்கும்.
சண்முகவடிவு எட்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.
சார்ஜ் இல்லை என்று சொல்லலாம்,
ஆனால் கடை முழுக்கச் சார்ஜர் தொங்குகிறது.

தப்பித்த கரப்பான் ஒன்று
மேசை விளிம்பில் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது.
முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த மாதிரிதான் தெரிந்தது.
விட்டுவிட்டேன்.
பில் எழுதினேன்:
சுத்தம் செய்தது, முந்நூறு.
சோதித்துப் பார்த்தது, இருநூறு.
கொஞ்சம் யோசித்து அதை இருநூற்றைம்பது ஆக்கினேன்.

டிராகனுக்கு இன்னும் பாதி உயிர்தான் மிச்சம்.
ஹேமச்சந்திரனுக்கு மெசேஜ் போட்டேன்:
ஞாயித்துக்கிழமை வாங்க ப்ரோ,
ஒரு பார்ட் வரணும்.