இரண்டடித் தொட்டி

ஜெலுத்தோங் கடைத் தவ்கே
விலை சொல்லவில்லை, நீளம் கேட்டார்.
இரண்டடி.
அதற்குப்பின் நான் காட்டியதெல்லாம் ‘தா போலே’.
டைகர் பார்ப் அடுத்ததன் வாலைக் கடிக்கும்.
கப்பியின் பாவாடை அசைந்தால்
சண்டைமீனுக்கு அது இன்னொரு சண்டைமீன்.
நியான் என்றால் ஆறாவது வேண்டும்,
தனியே விட்டால் பயத்திலேயே வெளிறும்.
கோரி நான்கு, அது தரையோடு சரி.
“நடுவில் இது, அடியில் அது,
அவரவர் தண்ணி அவரவருக்கு லா.”

பாயான் லெப்பாஸ் இரவு ஷிப்டு தவமலர்
அறைவிளக்குச் சண்டைக்குப் பின்
பதினோரு நாளாகப் பேசவில்லை என்னோடு.
விடிகாலை, தோள்பை கழற்றாமல்
தொட்டி முன் குந்தியிருந்தாள்.

“ஏய், அஞ்சுதான் இருக்கு.”

பாசிக்குப் பின்னால் பார் என்றேன்.