டோல்கேட் வரை

தலைநகரத்துக்குப் பெரிய தெரு எதுவென்றால்
மவுண்ட் ரோட்டைச் சொல்வார்கள்.
சொல்லட்டும்.
அங்கே சிலைகள் நிற்கின்றன.
டி.எச். ரோட்டில் ஜனங்கள் நிற்கிறார்கள்,
என் ஷேர் ஆட்டோவுக்குக் கைகாட்டி.

மணிக்கூண்டில் முதல் சவாரி, நாலே முக்கால்.
அன்னக்கூடையோடு ஏறுகிறாள் மரியபுஷ்பம்.
கூடைக்கும் பத்து ரூபா கேட்டால்
"மீனு இன்னா சீட்லயா குந்திகினு வருது?"
நெத்திலித் தண்ணீர் என் செருப்புவரை வருகிறது.

"அகஸ்தியா!"
கூவுகிறேன்.
படம் ஓடி எத்தனையோ வருஷமாச்சு.
பேர் மட்டும் இன்னும் ஹவுஸ்ஃபுல்.
இரண்டு பேர் இறங்குகிறார்கள்.

ஹைரோடு என்று சும்மா வைக்கவில்லை.
குடிநீர் வாரியம் மூடிய குழியை
மின்வாரியம் தோண்டும்,
தேர்தல் வந்தால் எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பூச்சு தார்.
சாதிக் பாட்சாவின் சைக்கிள் கடைக்கு
அவர் அத்தா காலத்தில் மூன்று படி ஏறணும்.
இப்போது இரண்டு படி இறங்கணும்.
மழைத்தண்ணீருக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை.
இந்த ரோட்டின் சரித்திரம் என்று
நான் கண்ணால் பார்த்தது
அந்த ஐந்து படிகளைத்தான்.

தண்டையார்பேட்டை வரை ரயில் எங்களுக்குக் கீழே,
அப்புறம் தூணேறித் தலைக்கு மேலே.
மூத்தவள் அதில்தான் காலேஜ் போகிறாள்.
ஏசியாம். குலுங்காதாம்.
கன்டெய்னர் லாரியின் புகையை முகர்ந்தபடி
நான் சிக்னலில் நிற்கும்போது
எத்தனை முறை கடந்து போயிருப்பாளோ.

"டோல்கேட்!"
ஒரிசாப் பையன் பிகாஷ் இறங்கினான்,
யார்டில் வேலைக்குச் சேரும் முதல் நாள்.
இடம் பார்த்தான், வலம் பார்த்தான்,
தூணைப் பார்த்தான்.
"அண்ணா, கேட் கிதர்?"
கேட்டும் இல்லை, வரி வாங்கியவனும் இல்லை,
எந்தக் காலத்துக் கதையோ என்று
எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லப் பார்த்தேன்.
மரியபுஷ்பம் முந்திக்கொண்டாள்:
"கேட்டுதான் பூட்ச்சுப்பா.
கட்றது எங்க பூட்ச்சி?"
அவனுக்குப் புரியவில்லை. சிரித்தான்.

காலடிப்பேட்டைக்குப் போனால்
அது யார் காலடி என்று யாரும் கேட்பதில்லை.
வெள்ளைக்காரன் ஒருவன் பெயர்
நம் வாயில் தேய்ந்து காலடியானது
என்பார்கள்.
தேயட்டும்.

நேற்று பார்த்தேன் பிகாஷை.
கையில் பழைய பிளாஸ்டர்,
முதுகில் சோற்றுப்பை,
ஊரிலிருந்து புதிதாய் வந்த இரண்டு பேருக்கு
வண்டி மறித்துக் கொடுத்தான்.
"டோல்கேட், மூணு பேரு, அம்பதுதான் தருவேன்."
அசல் தண்டையார்பேட்டை பேரம்.

கேட் எங்கே என்று
அவன் இப்போது கேட்பதில்லை.